தியானம் வசப்படாதவர்களுக்குக் கோலமும் குறிப்பேடும்: ஒரு செய்முறை

கேள்வியின் சாரம் இதுதான்: கண்ணை மூடித் தியானத்துக்கு உட்கார்ந்தால் மனம் இன்னும் வேகமாக ஓடுகிறது, எழுதியோ வரைந்தோ அதை நிதானத்துக்குக் கொண்டுவர முடியுமா, கூட இருப்பவர்கள் மேல் வரும் எரிச்சலும் அதனால் குறையுமா, தினமும் எதை எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

முடியும். ஆனால் "மனசில் இருப்பதையெல்லாம் கொட்டி எழுதுங்க, பாரம் இறங்கிடும்" என்கிற வழக்கமான யோசனையில் ஆரம்பித்தால் பல பேருக்கு எதிர்விளைவுதான். ஓடுகிற மனதை ஓடவிட்டு அதன் பின்னாலேயே பேனாவையும் ஓட்டியதாக ஆகிவிடும். கொட்டி எழுதுவதற்கு ஓர் இடம் உண்டு, அளவும் உண்டு, அது கடைசியில். முதலில் பழக வேண்டியது கண்ணும் கையும் ஒரே பொருளின் மேல் பத்து நிமிடம் நிற்பது. பரிவு அதற்குப் பிறகு வருகிற சமாச்சாரம். ஒருவரைச் சரியாகப் பார்க்காமலேயே அவர் மேல் பரிவு கொள்கிறோம் என்றால், அது நாம் மனதில் செய்துவைத்த வேறு யார் மேலோதான் போய்ச் சேரும்.

எழுத்துக்கு முன்னால் கோலத்தைச் சொல்கிறேன், காரணத்தோடுதான். தியானத்தில் மனம் எப்போது நழுவியது என்று காட்ட எதுவும் இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் "அட, கரண்ட் பில் பற்றியல்லவா யோசித்துக்கொண்டிருக்கிறோம்" என்று தெரியவரும். சிக்குக் கோலத்தில் நழுவிய இடம் கோட்டிலேயே பதிந்துவிடும்.

ஒரு ஏ4 தாள், ஒரு பேனா. பென்சில் வேண்டாம்; அழித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே கையை அலட்சியமாக்கும். 2 செ.மீ. இடைவெளியில் நேர்ப்புள்ளியாக, அதாவது புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வரும்படி, வரிசைக்கு 4 வீதம் 3 வரிசை வையுங்கள். கோடு எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவில் சாய்வாகக் கடந்து போக வேண்டும். வெளி ஓரத்துப் புள்ளிக்கு வந்ததும் அதைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். ஓரத்தில் தவிர வேறெங்கும் திரும்பக் கூடாது. இப்படியே போனால் 12 புள்ளிகளையும் சுற்றிவிட்டு ஒரே கோடாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். வழியில் 17 இடங்களில் கோடு தன்னையே வெட்டும். ஒவ்வொரு இடத்தையும் இரண்டு முறை கடந்திருப்பீர்கள்.

எந்த அளவுக்கு ஒரே கோடு வரும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். வரிசை எண்ணிக்கைக்கும் வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ, அத்தனை தனிக் கோடுகள். 3க்கு 4 என்றால் ஒன்று. 4க்கு 6 என்றால் இரண்டு. 4க்கு 4 போட்டால் நான்கு கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி நிற்கும். அதனால் இந்தப் பயிற்சிக்குச் சதுரமாகப் புள்ளி வைக்காதீர்கள்.

எங்கே தவறும்? இரண்டு புள்ளிக்கு நடுவே கடக்க வேண்டிய கோடு, கவனம் பிசகிய நொடியில், உள்புள்ளி ஒன்றை ஓரப்புள்ளி என்று நினைத்துச் சுற்றி வளைந்துவிடும். அப்படியானால் பாதிப் புள்ளிகள் மிச்சமிருக்கும்போதே கோடு மூடிக்கொள்ளலாம். தாளைக் கசக்கிப் போடாதீர்கள். எந்த இடத்தில் தவறாக வளைந்தது என்று விரலை வைத்துத் தேடுங்கள். அந்த இடத்தில் கை இருந்தபோது தலைக்குள் என்ன ஓடியது என்பது பெரும்பாலும் ஞாபகம் வரும். பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தையாக அதைக் குறியுங்கள்: "பில்", "மாமியார்", "மீட்டிங்". பிறகு புதுத் தாளில் மறுபடி. ஒரு வேளைக்கு மூன்று கோலத்துக்கு மேல் வேண்டாம். கொஞ்ச நாளில் கைக்குப் பழகி, மனம் ஊர் சுற்றினாலும் கோலம் சரியாக வந்துவிடும். பழகிய கோலத்தால் இந்தப் பயிற்சிக்குப் பயனில்லை. 4க்கு 5க்கு மாறுங்கள். அதில் 31 வெட்டுகள்.

வாசலில் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் தெளித்த ஈரம் பாதி வற்றும் வரை காத்திருங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் மாவு கரைந்து கோடு அகலும். தரை முழுக்கக் காய்ந்திருந்தால் ஒட்டாமல் காற்றில் போகும். அந்தக் காத்திருப்பும் பயிற்சியில் சேர்த்திதான். கல்மாவில் கோடு சுலபமாக விழும். பச்சரிசி மாவில் போட்டால் எறும்புக்கு ஆகும்.

கோலத்தில் விருப்பம் இல்லாதவர்கள் தாளைப் பார்க்காமல் வரைவதைச் செய்யலாம். ஒரு பொருளை எதிரில் வைத்து, அதன் ஓரத்தில் எறும்பு ஊர்வதாக வைத்துக்கொண்டு, எறும்பின் வேகத்திலேயே கண்ணை நகர்த்துங்கள். அதே வேகத்தில் பேனாவும் நகரட்டும். தாளை ஒரு முறைகூடப் பார்க்கக் கூடாது, பேனாவையும் எடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் அலாரம் வையுங்கள். படம் கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். ஐந்து நிமிட வேலையை ஒரே நிமிடத்தில் முடித்திருந்தால், நீங்கள் வரைந்தது எதிரில் இருக்கும் செருப்பை அல்ல, "செருப்பு" என்று தலையில் இருக்கும் அடையாளத்தை. முதல் வாரம் சொந்தச் செருப்பு, சாவிக்கொத்து. இரண்டாம் வாரம் வீட்டில் யாரோடு அதிகம் உரசலோ அவருடைய செருப்பு. எந்தக் குதிகால் தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் வார் தளர்ந்திருக்கிறது என்று எறும்பு வேகத்தில் பார்த்துவிட்டால், அவர் நடக்கும் விதம் பற்றி ஒன்றிரண்டு விஷயம் புதிதாகத் தெரிந்திருக்கும்.

இனி எழுத்து.

குறிப்பெழுதும் முறைக்கு வெளியூர்ச் சரக்கு தேடவே வேண்டாம். தொல்காப்பியம் அகப்பாட்டுக்குச் சொல்லும் முதல், கரு, உரி என்ற பகுப்பே போதும். முதல் என்பது இடமும் பொழுதும். கரு என்பது அந்த இடத்தில் இருக்கும் மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் முதலானவை. உரி என்பது மனதின் நிலை. மூன்றில் உரிக்குத்தான் மதிப்பு அதிகம், ஆனால் அது வரிசையில் கடைசியில் நிற்கிறது. அந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

தினமும் 10 நிமிடம், கையால், ஒரு பக்கம். முதலுக்கு இரண்டு வாக்கியம்: எங்கே, எப்போது. ஒரு நாளின் பொழுதை மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு (பிற்பகல்) என்று ஆறாகப் பகுத்த பழைய கணக்கைப் பயன்படுத்தலாம். வாரத்தில் ஒரே பொழுதிலேயே எழுதாமல் மாற்றி மாற்றி எழுதினால் ஒரே தெரு வேறு வேறாகத் தெரியும். கருவுக்கு ஆறிலிருந்து எட்டு வாக்கியம். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது மட்டும். உரிக்கு ஒரே வாக்கியம், அதுவும் கடைசியில். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரே காலைக்கு இரண்டு குறிப்புகளைப் பாருங்கள். முதல் மாதிரி: "காலையிலேயே மனசு ஏதோ வெறுமையாக இருந்தது. எல்லாரும் இயந்திரம் போல ஓடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை." இரண்டாம் மாதிரி: "தெருமுனைப் பால் கடை, காலை 6.10. ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. நீல டிரேயின் மூலையில் ஓட்டை விழுந்த பாக்கெட்டிலிருந்து பால் சொட்டுகிறது. கடைக்காரர் அந்தப் பாக்கெட்டைத் தனியே எடுத்துக் கிழிசல் மேலே வரும்படி நிமிர்த்தி வைக்கிறார். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் சில்லறையை இரண்டு தடவை எண்ணுகிறாள். ஒரு ரூபாய் குறைகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் பாக்கெட்டைக் கொடுக்கிறார். எனக்கு வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை."

முதல் குறிப்பில் "யாருக்கும் நேரமில்லை" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதை எழுதியவர் கடையில் நின்றிருந்தாலும் அந்த ஒரு ரூபாயைப் பார்த்திருக்க மாட்டார். "ஏதோ", "மிகவும்", "போல", "எல்லாரும்", "எப்பவும்" ஆகிய ஐந்தில் எது குறிப்பில் வந்தாலும் அடியில் கோடு போடுங்கள். இவை தவறான சொற்கள் அல்ல. பார்ப்பதை நிறுத்திவிட்டு முடிவுக்குத் தாவிய இடம் எது என்பதை இவை காட்டிக்கொடுக்கும். "போல" இன்னும் கெட்டிக்காரச் சொல். உவமை கிடைத்ததும் எழுதுகிறவருக்கு ஒரு திருப்தி வந்து, பொருளை விட்டுக் கண் எடுத்துவிடுவார். பயிற்சிக் காலம் முழுக்க உவமைக்குத் தடை.

மொபைலில் எழுதலாமா என்றால், வேண்டாம். விசைப்பலகை அடுத்த சொல்லைத் தானே நீட்டும். நீட்டியது பெரும்பாலும் எல்லாரும் சொல்லும் சொல்லாக இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, எழுதி முடித்ததும் ஸ்டேட்டஸில் போடத் தோன்றுவது. யாரோ படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்தால் அந்தப் பெண்ணின் சில்லறை உடனே "மனிதம் இன்னும் சாகவில்லை" என்று மாறிவிடும்.

குறிப்பெழுதி இரண்டு வாரம் ஆனபிறகு உரி வாக்கியத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கலாம். இதற்கும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் ஒரு கருவி கிடக்கிறது. நகை, அழுகை, இளிவரல் (இழிவாக உணர்வது), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள். பாட்டிலும் கூத்திலும் உணர்ச்சி வெளியே தெரிவதைப் பற்றிய இலக்கணம் அது, மனநூல் அல்ல. ஆனாலும் "மூட் அவுட்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதைப் பிரிக்க நன்றாக உதவும்.

செய்முறை இது. "கோபம்" என்று எழுதியிருந்தால் வெகுளிக்குச் சொன்ன நான்கு காரணங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடம்புக்கு ஊறு, நம்மைச் சார்ந்தவர்களுக்குக் கேடு, வைதும் அடித்தும் அலைக்கழிப்பது, உயிருக்கு ஆபத்து. அலுவலகக் கோபம் பல நேரம் இவற்றில் எதிலும் சேராது. அடுத்து இளிவரலின் நான்கைப் பாருங்கள்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. "எல்லார் முன்னாடியும் என் கணக்கைத் திருத்தினார்" என்ற கோபம் மென்மையில், அதாவது ஆற்றல் குறைந்தவராகத் தெரிந்துவிட்டோம் என்பதில், போய் உட்காரும். அழுகைக்குச் சொன்ன நான்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அசைவு என்பது முன்பு இருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்வது. ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தால் அது வெகுளியா அசைவா என்று கேட்டுப் பாருங்கள்.

பெயர் வைப்பதால் என்ன ஆகும் என்பதற்குச் சோதனைச்சாலைச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சி காட்டும் முகப்படங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குச் சொல் கொடுத்தவர்களின் மூளையில், அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டாலா பகுதியின் செயல்பாடு தணிந்தது. தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. நாம் பெரும்பாலும் "கோபம் ஆனேன்" என்பதில்லை. "எனக்குக் கோபம் வந்தது" என்கிறோம். பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, கோபம் வருகிறது, போகிறது. குறிப்பில் "நான் ஒரு கோபக்காரி" என்று எழுத வரும்போது, அதை "6.30க்குக் கோபம் வந்தது, சாப்பிட்டு முடிக்கும்போது இல்லை" என்று மாற்றி எழுதுங்கள். வந்த நேரத்தோடு போன நேரத்தையும் எழுதுவது முக்கியம். போனதை யாரும் குறிப்பதில்லை.

இப்போது கொட்டி எழுதுவதற்கு வரலாம். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவர்கள் தங்களுக்கு நேர்ந்த கசப்பான நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. எழுதிய உடனே மனநிலை மோசமாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இது சர்வரோக நிவாரணியும் அல்ல. 146 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டுத் தொகுப்பு, பலன் உண்டு, ஆனால் சிறியது என்றே சொன்னது.

எனக்கு இதில் மிகப் பயனுள்ளதாகத் தோன்றுவது 2003இல் ஷெர்லாக் கேம்ப்பெலும் பென்னிபேக்கரும் கண்டது. நாளுக்கு நாள் "நான்" என்பதிலிருந்து "அவர்", "அவர்கள்" என்பதற்கும் அங்கிருந்து திரும்பவும் மாறி மாறி எழுதியவர்களுக்குத்தான் உடல்நலத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஒரே கோணத்தில் எல்லா நாளும் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. தமிழில் இதைச் சரிபார்க்க "நான்" என்ற சொல்லை மட்டும் தேடினால் ஏமாந்துபோவோம். நம் "நான்" வினைமுற்றின் வாலில் ஒளிந்திருக்கும். சொன்னேன், பொறுத்தேன், விட்டுக்கொடுத்தேன். வரிக்கு வரி ஏன், ஏன், ஏன் என்று முடிகிறதா என்று பாருங்கள். இன்னொரு வாலும் உண்டு. கோபத்தில் எழுதும்போது "வந்தார்" இரண்டாம் பத்தியில் "வந்தான்" ஆகியிருக்கும். எந்த வரியில் ஆர் போய் ஆன் வந்தது என்று குறியுங்கள். வலி இருக்கும் இடம் அதற்கு ஒரு வரி முன்னால்தான் பெரும்பாலும் இருக்கும்.

இதை வைத்து நான்கு நாள் இப்படி அமைக்கலாம். முதல் நாள் 15 நிமிடம், உங்கள் பக்கம், தன்மை வினையில், தடையில்லாமல். இரண்டாம் நாள் அதே நிகழ்வு, கூரையில் இருக்கும் கேமரா பார்த்ததாக. உங்களையும் பெயர் சொல்லி "அவர்" என்றே எழுத வேண்டும், இருவருக்கும் ஒரே மரியாதை விகுதி. யார் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, என்ன சொன்னார், எவ்வளவு நேரம். மனதுக்குள் நடந்தது கேமராவுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் எதிராளியின் இடத்திலிருந்து, அவருக்கு "நான்" போட்டு. உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்து, ஊகம் ஒவ்வொன்றுக்கும் "இருக்கலாம்" சேர்த்து அடிக்கோடு இடுங்கள். நான்காம் நாள் மறுபடி உங்கள் பக்கம்.

மூன்றாம் நாள்தான் பல பேர் சறுக்குவார்கள். எதிராளி வாயில் "நான் செய்தது தப்பு, உன்னைப் புரிந்துகொள்ளாமல் விட்டேன்" என்ற வசனத்தை வைத்துவிடுவார்கள். அது நம் ஆசை, அவர் குரல் இல்லை. அந்தப் பக்கம் உருப்படியா என்று பார்க்க ஒரு சோதனை: உங்களைப் பற்றி, உங்களுக்குப் பிடிக்காத, ஆனால் மறுக்க முடியாத ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டும். "நான் பேசத் தொடங்கினால் போனை எடுத்துப் பார்ப்பாள்" என்கிற மாதிரி. இரண்டாவது சறுக்கல், பரிவைத் தீர்ப்பாக நினைப்பது. அவருக்கு ஒரு காரணம் இருந்தது என்று தெரிவதால் அவர் செய்தது சரியாகிவிடாது. கடனைத் திருப்பிக் கேட்கவும் எல்லை போடவும் உங்களுக்கு உரிமை அப்படியே இருக்கிறது. அடி, வன்முறை, பாலியல் கொடுமை போன்றவற்றில் மூன்றாம் நாளைச் செய்யவே வேண்டாம். அங்கே எதிராளியின் இடத்தில் போய் உட்காரும் கடமை யாருக்கும் இல்லை.

எழுதியதை அனுப்பாதீர்கள், சம்பந்தப்பட்டவரிடம் காட்டாதீர்கள். நிகழ்வு நடந்து சில வாரமாவது ஆகட்டும். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் அந்த நொடியே நிறுத்திவிட்டு வேறு எதையாவது எழுதுங்கள். பென்னிபேக்கரே சொல்லும் விதி அது. மூன்றாம் நாளும் முதல் நாள் வாக்கியங்களே திரும்பி வந்து, "அதனால்", "இப்போது பார்த்தால்" போன்ற சொற்கள் ஒன்றுகூட வரவில்லை என்றால், நீங்கள் புண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்தை விட்டுக் கோலத்துக்குத் திரும்புங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ நோட்டு மூடியிருக்கட்டும். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 இரண்டும் மனநல உதவி எண்கள், கட்டணமில்லை.

கால அளவு என்று கேட்டதற்கு: முதல் இரண்டு வாரம் கோலமோ பார்க்காமல் வரைவதோ 10 நிமிடம், குறிப்பு 10 நிமிடம். அடுத்த இரண்டு வாரம் குறிப்போடு மெய்ப்பாட்டுப் பெயர். நான்கு நாள் எழுத்து ஐந்தாம் வாரத்தில், அதுவும் வாழ்க்கையின் ஆகப் பெரிய காயத்தை எடுக்காமல், நினைத்தால் எரிச்சல் வரும் ஆனால் தூக்கம் கெடாத அளவுக்கு ஒன்றை எடுத்து. நான்காம் நாள் பக்கத்திலும் அந்த ஆள் "அவன்" ஆகவே நின்றால் குற்றமில்லை. நோட்டை இரண்டு வாரம் அலமாரியில் வையுங்கள். அதுவரை அவர் வரும் குறிப்புகளில் அவர் கையில் என்ன இருந்தது என்பதை மட்டும் எழுதி வாருங்கள்.